ஆள்காட்டிக்குக் குரல் வந்த கதை

பறவையும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், காகம் கூரையில் வந்து உட்கார்ந்தால் விருந்து வருமோ என்று யாரும் ஊகித்துக்கொண்டிருக்கவில்லை. யார் வருகிறார்கள், எத்தனை பேர், சைவமா அசைவமா என்று அதுவே சொல்லிவிட்டுப் போகும். அப்போது நெட்டைக்காலி என்று ஒரு பறவை இருந்தது. மஞ்சள் நிறத்தில் நீளக் கால்கள், கறுத்த மார்பு, கண்ணுக்கு முன்னால் குங்குமத்தை அப்பியது போல ஒரு சிவப்பு. இன்றைக்கு அதற்கு வேறு பெயர். அந்தப் பெயர் நல்லவிதமாக வந்ததல்ல.

நெட்டைக்காலி அன்று மரத்தில்தான் கூடு கட்டியது. அதற்குக் கத்தத் தெரியாது. பேசினால் பக்கத்துக் கிளைக்குக்கூடக் கேட்காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வம்பில்லை என்பது அதன் கொள்கை. மூன்று வருஷம் முட்டையிட்டு, மூன்று வருஷமும் பாம்புக்கும் உடும்புக்கும் கொடுத்துவிட்டு வயிறு எரிந்து கிடந்தது. நாலாவது வருஷம்தான் ஒரு நல்ல இடம் கிடைத்தது. அது ஊர்த்தலைவன் வல்லையன் வீட்டு வாசலில் நின்ற இலுப்பை மரம்.

கூகைப்பாறை என்ற மலையின் அடிவாரத்தில் இருந்தது அந்த ஊர். வல்லையன் வீட்டு இலுப்பையை நாலு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அந்த மரத்துப் பறவைமேல் கல்லெறிந்தால் எறிந்த கை இருக்காது என்று அவன் தண்டோரா போட்டிருந்தான். மரத்தடியில் பாம்பு தெரிந்தால் அடிக்க ஆள் வைத்திருந்தான். பறவைகள்மேல் அவனுக்கு இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தன் வாசலில் நிறையக் கூடு தொங்கினால் தன் வீட்டுக்கு அழகு என்று நினைத்தான், அவ்வளவுதான். ஆனால் முட்டை பிழைத்தால் போதும் என்று கிடக்கிற பறவைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா? நாலு முட்டையிட்டு நிம்மதியாக அடைகாத்தது.

இந்த வல்லையனுக்கு ஒருநாள் ஓர் ஆசை வந்தது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான். ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தனும் தன்னைக் கண்டால் குனிகிறான், இந்தப் பருந்து மட்டும் தன் தலைக்குமேலே போகிறதே என்று அவனுக்கு மனசு பொறுக்கவில்லை. தானும் பறக்க வேண்டும் என்றான்.

பறக்க ஆசைப்படுவது தப்பில்லை. மழை பெய்தால் கறையானுக்குக்கூட அந்த ஆசை வருகிறது. ஆனால் கறையான் தன் உடம்பை வைத்துப் பறந்து தன் உடம்பை வைத்தே சாகிறது. வல்லையன் அப்படியா செய்தான்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். ஆசை அவனுக்கு, முறிகிற எலும்பு இன்னொருத்தனுக்கு.

அவன் கேட்டதும் பறவைகளெல்லாம் உதிர்ந்த இறகைக் கொண்டுவந்து கொடுத்தன. நெட்டைக்காலியும் கொடுத்தது. மூங்கில் சிம்பில் இறகை நாரால் கட்டி, வேலம்பிசின் வைத்து ஒட்டி, இரண்டு பெரிய சிறகு செய்தார்கள். அதை வல்லையன் தன் கையில் கட்டிக்கொள்ளவில்லை. தொழுவத்தில் சாணி அள்ளுகிற தொப்பளான் கையில் கட்டி, பாறைமேல் ஏற்றி, குதி என்றான். தொப்பளான் கை வலிக்க வலிக்கச் சிறகடித்தான். விழுந்து செத்தான். முந்தின நாள் கறி தின்றிருக்கிறான், உடம்பு கனத்துவிட்டது என்று வல்லையன் சொன்னான். தொப்பளான் வீட்டில் கறி வாங்கி எத்தனை மாசம் ஆகிறது என்று ஊருக்கே தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து, உயரத்துக்குப் பழகின ஆளாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, தேன் எடுக்கிற சடையனைக் கூப்பிட்டு அனுப்பினான்.

கூகைப்பாறையின் சரிவில் தேன் எடுக்கிற குடிகள் நாற்பது வீடு இருந்தன. அவர்களுடைய வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கித்தான் மலைத்தேன் எடுப்பார்கள். இறங்குகிறவனுக்கு அந்தக் கயிற்றை அவன் மனைவிதான் முறுக்க வேண்டும். மேலே நின்று பிடிக்கிறவன் அவன் மைத்துனன், அதாவது மனைவியின் உடன்பிறந்தான். வேறு எவன் கையும் காலும் அந்தக் கயிற்றில் படக்கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. சொந்த அண்ணன் தம்பி என்றால் நாளைக்குப் பங்காளி ஆவான், மனசில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. மைத்துனன் அப்படியல்ல. கூடப்பிறந்தவளைத் தன் கையாலேயே கைம்பெண் ஆக்க எவனுக்கும் மனசு வராது.

சடையனின் மனைவி பொம்மி. அவள் முறுக்கிய கயிறு அறுந்ததாகப் பேச்சே கிடையாது. மருள் செடியைச் சுனையில் ஊறப்போட்டு, நார் உரித்து, தொடையில் வைத்து அவள் திரிக்கும்போது நெட்டைக்காலி தண்ணீர் குடிக்க வரும். இருவருக்கும் நல்ல பழக்கம். பொம்மி அதை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய தம்பி கோம்பன்தான் சடையனுக்குக் கயிறு பிடிப்பான்.

தலைவன் சொன்ன பிறகு மாட்டேன் என்றால் மலையில் கால் வைக்க முடியாது. சடையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்பினான். பொம்மி சுனைக்கரையில் நெட்டைக்காலியிடம் அழுதாள். அப்போது நெட்டைக்காலிதான் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தது. பருந்து மேலே போனபிறகு சிறகை அடிப்பதே இல்லை, விரித்துப் போட்டுக்கொண்டு காற்றின்மேல் படுத்துவிடுகிறது, உன் ஆளையும் அப்படிப் படுக்கச் சொல் என்றது. சடையன் யோசித்தான். இறகு வேண்டாம் என்று விட்டான். பிளந்த மூங்கிலில் கட்டில் அகலத்துக்கு ஒரு சட்டம் கட்டி, கஞ்சி போட்ட வேட்டியை அதில் இழுத்துத் தைத்தான். அதன் அடியில் தன்னைக் கட்டிக்கொண்டான். இடுப்பில் பொம்மியின் கயிறு, இரண்டு கையையும் விரித்தால் ஒரு மார் என்று நாற்பது மார் நீளம். மறுமுனை கோம்பன் கையில்.

ஆடிக்காற்று அடித்தது. பாறை நுனியில் சடையன் இரண்டடி ஓடினான். விழவில்லை. எழும்பினான். கோம்பன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, விட, மேலே மேலே போனான். காற்று முரண்டினால் கோம்பன் இழுத்துப் பிடித்தான், சடையன் நேரானான். மலைக்கு அந்தப்பக்கம் ஆறு இரண்டாகப் பிரிகிறதடி என்று மேலேயிருந்து அவன் கத்தியது பொம்மிக்குக் கேட்டது. நெட்டைக்காலி அவன் பக்கத்தில் போய்ப் பறந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். மனிதன் முதன்முதலில் பறந்தது அன்றைக்குத்தான். அவனை மேலே நிறுத்தியது மச்சான் பிடித்த கயிறு.

செய்தி வல்லையனுக்குப் போனது. ஆடிப்பெருக்கு அன்று ஊர் பார்க்கப் பறக்க வேண்டும் என்றான். அதோடு விட்டானா? கயிறு என் கையில் இருக்க வேண்டும் என்றான். பறப்பவன் எவனாயிருந்தால் என்ன, பறக்கவிட்டவன் வல்லையன் என்று ஊர் சொல்ல வேண்டுமாம். தேன்குடியினர் வழக்கத்தைச் சொல்லி மறுத்தார்கள். மைத்துனன் அல்லாதவன் தொட்டால் கயிறு கயிறில்லை என்றார்கள்.

வல்லையன் கோபப்படவில்லை. ஒரு தட்டில் சிவப்புச் சேலையும் வெற்றிலை பாக்கும் வைத்து எடுத்துக்கொண்டு பொம்மியின் குடிசைக்கே வந்தான்.

“இன்னையிலேர்ந்து நான் உன் கூடப்பொறந்தவன் தாயி. நீ என் தங்கச்சி. அண்ணன் கையில கயிறு இருந்தா உனக்கு என்ன பயம்?”

தேன்குடியினருக்கு வெற்றிலைமேல் சொன்ன சொல் ரத்தம் மாதிரி. அண்ணன் என்று ஒருத்தன் சொல்லி, தங்கச்சி என்று ஒருத்தி சேலையை வாங்கிக்கொண்டால், அதன்பிறகு இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். அந்தச் சொல்லை ஒருவன் சும்மா ஒப்புக்குச் சொல்வான் என்பது அவர்கள் புத்திக்கு எட்டாது. பொம்மி சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோம்பனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சொல் சொல்தானே என்று கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தான். முரண்டும்போது இழுங்க, தளரும்போது விடுங்க, கையை மட்டும் எப்பவும் திறக்காதீங்க அண்ணே என்று சொல்லித்தான் கொடுத்தான்.

ஆடிப்பெருக்கு அன்று ஊரே பாறைமேல் ஏறி நின்றது. பாறை நுனியில் ஓர் இச்சி மரம். அதன் அடியில் வல்லையன் பட்டு உடுத்தி நின்றான். மிச்சக் கயிறு அவனுக்குப் பின்னால் கூட்டத்தின் காலடியில் கிடந்தது. அவன் தலைக்கு நேர்மேலே கிளையில் நெட்டைக்காலி உட்கார்ந்திருந்தது. முட்டைகளைத் துணைவனிடம் விட்டுவிட்டு, சடையன் பறப்பதைப் பார்க்க ஆசையாக வந்திருந்தது.

சடையன் எழும்பினான். முதல் நாளைவிட உயரம் போனான். ஊர் ஆர்ப்பரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். சடையா, சடையா என்று சின்னதும் பெரியதும் கத்தின. இருநூறு முகமும் அண்ணாந்திருந்தது. ஒரு முகமாவது வல்லையனைப் பார்க்க வேண்டுமே. அவன் முன்னால் குனிந்து குனிந்தே முதுகு வளைந்த ஊர் அன்றைக்கு நிமிர்ந்து நின்று ஒரு தேன்காரனை வணங்கியது.

நெட்டைக்காலி கீழே குனிந்து பார்த்தது. வல்லையனின் முகம் வேர்த்திருந்தது. பிறகு அவன் கையைப் பார்த்தது. முதலில் சுண்டுவிரல் விலகியது. அடுத்த விரல் விலகியது. அதற்கடுத்தது. கயிறு வழுக்கவில்லை, கை எரியவில்லை. ஒவ்வொரு விரலாகத் திறந்தான். எல்லாம் திறந்தபின் உள்ளங்கையை ஒருமுறை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

கயிறு பாறைமேல் ஓடியது. நின்றுகொண்டிருந்தவர்களின் காலடியில் உரசிக்கொண்டே ஓடியது. எவனாவது ஒருத்தன் ஒரு காலை எடுத்து அதன்மேல் வைத்திருந்தால் போதும். கோம்பன் கூட்டத்துக்குக் கடைசியில் நின்றான், கத்திக்கொண்டு ஓடிவந்தான், எட்டவில்லை. மற்றவர்கள் காலை ஒதுக்கினார்கள். மைத்துனன் அல்லாதவன் தொடக்கூடாத கயிறு பாருங்கள், வழக்கம் கெட்டுவிடுமாம். நானூறு கால்கள் மரியாதையாக விலகி வழிவிட்டன. சடையன் காற்றில் இரண்டு புரளல் புரண்டான். அப்புறம் பாறைக்குக் கீழே போய்விட்டான்.

“அய்யோ, கயிறு அறுந்துபோச்சே” என்று வல்லையன் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே பிணத்தையும் கயிற்றையும் சேர்த்து எரிக்கச் சொன்னான். அகால மரணம், வைத்திருக்கக்கூடாது என்றான். அதற்குள் பொம்மி ஓடிப்போய்க் கணவன் பக்கத்தில் கிடந்த கயிற்றைக் கையால் அளந்துவிட்டாள்.

மறுநாள் காலை இலுப்பை மரத்தடியில் ஊர் கூடியது. கயிறு அறுந்தால் முறுக்கியவள்மேல் பழி. அது தேன்குடியின் சட்டம். பொம்மியை நடுவில் நிறுத்தினார்கள்.

“நான் திரிச்ச கயிறு நாப்பது மாரு” என்றாள் அவள். “அவரு பக்கத்துல கெடந்ததை அளந்தேன். நாப்பது மாரு இருந்துச்சு. அறுந்த கயிறு எப்படி முழுசா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.”

முந்தின நாள் அந்தக் கயிற்றின் முனை முழுசாகத் தங்கள் காலடியைத் தாண்டிப் போனதைப் பார்த்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். புருஷன் போன துக்கத்தில் என் தங்கச்சிக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று வல்லையன் பரிதாபப்பட்டான். தங்கச்சி என்றான். நாக்கு கூசவில்லை.

பொம்மி நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள்.

“அக்கா, நீ கயிறு புடிச்சவரு தலைக்கு நேரா உக்காந்திருந்தே. நீ என்ன பார்த்தே?”

எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். வல்லையனும் பார்த்தான். எழுந்து வந்து, மரத்தின் அடிப்பகுதியில் கையை வைத்து, கன்றுக்குட்டியைத் தட்டிக்கொடுப்பது போல மெதுவாகத் தட்டினான்.

“சொல்லும்மா. பயப்படாம, பார்த்ததைச் சொல்லு” என்றான்.

நெட்டைக்காலியின் வயிற்றுக்குக் கீழே முட்டைகள் அசைந்தன. உள்ளேயிருந்து ஒரு குஞ்சு ஓட்டைக் கொத்துகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரே நாள். மூன்று வருஷம் பறிகொடுத்தது அதன் நினைவுக்கு வந்தது. மரத்தைத் தட்டுகிற அந்தக் கையைப் பார்த்தது. அந்தக் கை விரல் விரலாகத் திறந்ததையும் பார்த்திருந்தது.

“வெயில் கண்ணுல அடிச்சுது” என்றது. “சரியாத் தெரியலே.”

பொம்மி மரத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். அவள் இனி நாரைத் தொடக்கூடாது, அவள் முகத்தில் யாரும் விழிக்கக்கூடாது, ஊருக்கு வெளியே கல்லாங்காட்டில் போய் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கோம்பன்கூட அக்காவிடம் பேசக்கூடாது. அவன் அழுதுகொண்டே பார்த்துக்கொண்டு நின்றான். தன் அக்கா திரித்த கயிறா அறுந்தது என்று அவனுக்குக் குழப்பம். பறவையே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டதே.

நாலு குஞ்சும் பொரித்தன. நாலும் பிழைத்தன. நெட்டைக்காலிக்கு அது வேண்டியதுதானே, சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? இருக்க முடியவில்லை. தூங்கினால் விரல்கள் தெரிந்தன. சுண்டுவிரல், அடுத்த விரல், அதற்கடுத்தது. வல்லையன் தினமும் மரத்தடிக்கு வந்து குஞ்சுகள் நலமா என்று விசாரித்தான். நலம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதெல்லாம் அவன்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

குஞ்சுகள் பறந்து போனபின் அது கல்லாங்காட்டுக்குப் போனது. பொம்மி கற்களுக்கிடையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

“குஞ்சு நாலும் பொழைச்சுதா?”

“பொழைச்சுது.”

“அதுங்க அப்பன் இருக்கானா?”

“இருக்கான்.”

“வெயிலு இப்ப கண்ணுல அடிக்குதா?”

நெட்டைக்காலி சொல்லிவிட்டது. ஒவ்வொரு விரலாகச் சொன்னது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்ததையும் சொன்னது. பொம்மி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடிந்ததும் கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து அதன்மேல் எறிந்தாள். கல் சிறகை உரசிக்கொண்டு போனது.

“படணும்னுதான் எறிஞ்சேன்” என்றாள். “எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றே? எனக்குத் தெரியாததா? கயிறைத் திரிச்சவளுக்குத் தெரியாதா? வர்ற ஆடிக்கு எந் தம்பியக் கட்டிப் பறக்கவிடப் போறானாம். அன்னிக்கும் அந்தப் பாவிதான் கயிறு பிடிப்பான். கேட்டவகிட்டச் சொல்லாத வாயி உன் வாயி. போ. கேக்காதவங்ககிட்டப் போய்ச் சொல்லு.”

அடுத்த ஆடிப்பெருக்கும் வந்தது. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாலும் பரவாயில்லை, அவன் ஆசை அவனோடு போகும். இந்த வல்லையன் ஒரு வருஷமாக வேட்டியும் மூங்கிலும் சேர்த்துப் புதுச் சட்டம் கட்டி வைத்திருந்தான். அதில் கோம்பனைக் கட்டினார்கள். வேறொருத்தி திரித்த கயிற்றை அவன் இடுப்பில் முடிந்தார்கள். கோம்பனுக்கு மனைவி இல்லை, மைத்துனனும் இல்லை. அதனாலென்ன, போன வருஷமே நான் உனக்கும் அண்ணன் ஆகிவிட்டேனே என்று வல்லையன் கயிற்றை வாங்கிக்கொண்டான். அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது என்பதுதான் வழக்கமே என்று அவனிடம் சொல்ல ஆளில்லை. ஊர் பழையபடி பாறைமேல் ஏறி நின்றது. போன வருஷம் ஒருத்தன் செத்த இடத்தில் பொரி கடலை விற்றது.

நெட்டைக்காலி இச்சி மரத்தில் வந்து உட்கார்ந்தது. முதலில் அதன் வழக்கமான குரலில் சொன்னது. காற்று இரைச்சலில் அதற்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னது. ஒருத்தரும் திரும்பவில்லை. கோம்பன் ஓடுவதற்காகக் காலை எடுத்து வைத்தான். அப்போது அதன் நெஞ்சில் ஒரு வருஷமாகக் கிடந்தது தொண்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கயிற்றை விட்டான் என்று சொல்லத்தான் நினைத்தது. வந்த சொல் வேறாக இருந்தது.

“கைவிட்டான், கைவிட்டான், கைவிட்டான்.”

பாறை முழுக்க எதிரொலித்தது. கோம்பன் நின்றுவிட்டான். நெட்டைக்காலி மரத்தைவிட்டு இறங்கி வல்லையனின் தலைக்கு மேலேயே பறந்து, கண்டது அத்தனையும் கத்திச் சொன்னது. குருவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது, போன வருஷம் இதே குருவி பார்க்கவில்லை என்று சொன்னதை ஊர் மறந்துவிட்டதா என்று வல்லையன் சிரித்தான். பொய் சொன்னேன், கூட்டுக்காகப் பொய் சொன்னேன் என்று அது அதையும் கத்தியே சொன்னது.

கோம்பன் திரும்பி ஊரைப் பார்த்தான்.

“உங்க காலடியிலதானே கயிறு போச்சு. அறுந்து போச்சா, முழுசாப் போச்சா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க.”

இருநூறு தலையும் குனிந்தது. ஒருத்தன் மட்டும் முணுமுணுத்தான்.

“நம்ம தொடக்கூடாத கயிறு அது.”

கோம்பனுக்கு அது போதுமானதாக இருந்தது. தேன்கத்தியை எடுத்துத் தன் இடுப்பிலிருந்த கயிற்றை அறுத்தான். சட்டத்தைக் கழற்றி, வேட்டியைக் கிழித்து, பாறைக்குக் கீழே எறிந்தான். கயிறு அறுந்தால் எப்படி இருக்கும் என்று எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிம்பு சிம்பாக நின்ற அந்த நுனியை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டிக்கொண்டே கூட்டத்தைக் கடந்தான். நேராகக் கல்லாங்காட்டுக்குப் போய் அக்காவின் காலில் விழுந்தான். இருவரும் அன்றே அந்த மலையைவிட்டுப் போய்விட்டார்கள்.

ஊர் வல்லையனை என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அவனைப் பார்த்து முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தார்கள். நெட்டைக்காலி அதைப் பார்த்தது. விட்டவன் ஒருத்தன் என்றுதான் அது அதுவரை நினைத்திருந்தது. காலை விலக்கிக்கொண்டவர்கள் இருநூறு பேர், கண்ணை மூடிக்கொண்டது தான் ஒருத்தி என்று கணக்கு விரிந்தபோது அதன் கோபத்துக்கு எல்லை இல்லாமல் போயிற்று. கூட்டத்துக்கு மேலே தாழப் பறந்து ஒவ்வொரு தலையாகக் கத்தியது. கிழவனை விடவில்லை, குலவையிட்டவளை விடவில்லை, பொரி விற்றவனை விடவில்லை. காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடியவர்களின் பின்னாலேயே போய்க் கத்தியது.

வல்லையன் அன்றைக்கே இலுப்பை மரத்தை வெட்டிச் சாய்த்தான். மற்றப் பறவைகளின் கூடுகளும் அதோடு போயின. உன்னால்தான் எங்களுக்கு இந்தக் கதி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக்கூடாதா என்று அவை எல்லாம் நெட்டைக்காலியைத் திட்டின. அது அந்த இடத்தைவிட்டுக் கிளம்பியது. பொம்மி இருந்த கல்லாங்காட்டுக்குப் போய், கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் முட்டையிட்டது. பாம்பு வரட்டும், உடும்பு வரட்டும், இனி எவன் மரமும் வேண்டாம் என்று முடிவு செய்தது. நிழல் கொடுத்தவன் அடிமரத்தைத் தட்டி வாயை மூடச் சொன்னால் மூடத்தானே வேண்டியிருக்கிறது?

வல்லையன் நன்றாகச் சாப்பிட்டு, பேரன் பேத்தி எடுத்து, கட்டிலில்தான் செத்தான். நியாயமாக அவன் பாறையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஆனால் சாகிறவரைக்கும் அவன் வாசலைத் தாண்டிக் காலை வைத்தால் தலைக்குமேலே அந்தக் குரல் கேட்டது. அவன் பாடை போகும்போதும் கேட்டது. பாடை தூக்கியவர்கள் தங்களுக்கில்லை, பிணத்துக்குத்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிணம் எரிந்து முடிந்து வீடு திரும்பும்போது கூடவே வந்தது பறவை.

பிறகு மனிதனுக்கும் பறவைக்கும் பேச்சு நின்றுபோயிற்று. நெட்டைக்காலியும் எல்லாச் சொற்களையும் மறந்தது, அந்த ஒரு சொல்லைத் தவிர. ஊரார் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்து, சனியன் பிடித்த குருவி, ஆளைக் கண்டாலே காட்டிக்கொடுக்கிறது என்று வைதார்கள். அன்றைக்குக் கிழிந்த அந்தத் தொண்டைதான் இன்னும் ஆறவில்லை. நீங்கள் யாரையும் விழவிட்டவரோ இல்லையோ, வயற்காட்டில் உங்கள் தலை தெரிந்த உடனே எழும்பி வந்து, கைவிட்டான் கைவிட்டான் என்று அது உங்களைப் பார்த்துக் கத்துவது அதனால்தான்.